பாதம் கழுவும் பணி

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பங்குத்தந்தை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பீடத்திலிருந்து இறங்கி வருவார். பன்னிரண்டு பேர் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் முழந்தாளிட்டு, பாதத்தில் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். பாடகர் குழுவின் பாடல் முடியும் வேளையில் சடங்கும் முடிந்துவிடும். சிறு வயது முதல் இதனைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழகிப்போன காட்சி. ஆனால் பாதம் கழுவுவது கோயிலில் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் சடங்கு மட்டுமன்று. ஒரு மனிதரின் காலையும் வாழ்வையும் காப்பாற்றக் கூடிய உண்மையான சிகிச்சையும் ஆகும் என்பதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். நான் அறிந்ததை என் அன்புத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆண்டவர் காட்டிய முன்மாதிரி

ஆண்டவர் இயேசு தம் சீடரின் பாதங்களைக் கழுவிய நிகழ்ச்சியை யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அக்காலத்துப் பாலஸ்தீன நாட்டில் மக்கள் புழுதிச் சாலைகளில் செருப்பணிந்து நடந்தனர். வீட்டுக்கு வரும் விருந்தினரின் கால்களைக் கழுவுவது வேலைக்காரருள்ளும் கடைசி ஆளின் வேலை. அந்த வேலையைத்தான் குருவும் ஆண்டவருமானவர் எடுத்துச் செய்தார். பேதுருவால் அதனைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை, முதலில் மறுத்தார். பிறருக்குச் செய்வதைவிடப் பிறர் நமக்குச் செய்ய விடுவது சில சமயம் கடினமானது என்பதற்குப் பேதுருவே சாட்சி.

நெடுங்காலமாக இச்சடங்குக்கு ஆண்களையே தேர்ந்தெடுத்து வந்தனர். 2016-ஆம் ஆண்டு சனவரியில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் விருப்பப்படி விதி மாற்றப்பட்டு, பெண்களையும் அழைக்கலாம் என்றாயிற்று. அதனால்தான் சென்ற ஆண்டு எங்கள் பங்கில் பன்னிருவருள் ஒருத்தியாக அமரும் பேறு எனக்குக் கிடைத்தது. வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டுதான் போனேன். அழுக்கில்லாத காலைக் கழுவிக்கொள்ள யாருக்குத்தான் கூச்சம்?

காலியாக இருந்த நாற்காலி

எனக்கு அடுத்த நாற்காலி காலியாக இருந்தது. அது எங்கள் தெருக் கோடியில் பூக்கட்டி விற்கும் ஒரு பாட்டிக்கு உரியது. சீலையம்பட்டிச் சந்தையிலிருந்து வரும் மல்லிகையைத் தொடுத்து, காலையும் மாலையும் கோயில் வாசலில் விற்பவர். பங்குத்தந்தை முன்பே அழைத்திருந்தும் அவர் வரவில்லை. பீடச் சிறுவன் ஒருவனை அந்த இடத்தில் அமர வைத்தார்கள்.

உயிர்ப்பு ஞாயிறன்று பங்குத்தந்தை அவரிடம் காரணம் கேட்டபோது நானும் அருகில் இருந்தேன். "ஐயோ சாமி, இந்தக் காலைப் போயா தொடுவீங்க? வேற நல்ல காலாப் பார்த்துக் கூப்பிடுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே சேலைக்குள் காலை இழுத்துக்கொண்டார். பழந்துணி சுற்றிய பாதத்தை அப்போதுதான் கவனித்தேன். இரண்டு விரல்கள் குட்டையாக இருந்தன.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "அவங்களுக்கு அந்த நோய் வந்திருந்துச்சு. பூ வாங்கினா வாங்கிட்டு வந்துடு. கிட்டப் போய் உட்காராதே" என்றார்கள். பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது. மறுநாள் பூ வாங்கும்போது காசை அவர் கையில் கொடுக்காமல் கூடையில் வைத்தேன். அதை அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நன்மை வாங்கிய வாயோடு நான் செய்த காரியம் அது.

கோடை விடுமுறை முடிந்ததும் இதனை எங்கள் அருட்சகோதரி ஒருவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பயம் போக வேண்டுமானால் முதலில் உண்மை தெரிய வேண்டும்" என்று கூறி, எங்கள் பகுதிக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துச் சென்றார்.

தொழுநோய் பற்றிய உண்மை

தொழுநோய் சாபமும் அன்று; பாவத்தின் சம்பளமும் அன்று; பரம்பரை நோயும் அன்று. அது ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டு அக்கிருமியைக் கண்டறிந்தார். சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெடுநாள் நெருங்கிப் பழகுவோருக்கே பெரும்பாலும் பரவும். மக்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. உடலில் புகுந்த கிருமி நோயாக வெளிப்படப் பல ஆண்டுகள்கூட ஆகும்.

இந்நோயின் முதல் அடையாளம் தோலில் தோன்றும் வெளிறிய அல்லது சிவந்த தேமல். அது அரிக்காது, வலிக்காது. தொட்டாலும் உணர்ச்சி இராது. வலிக்காத காரணத்தாலேயே யாரும் மருத்துவரிடம் போவதில்லை. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சையை 1981-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப 6 மாதம் அல்லது 12 மாதம் உட்கொண்டால் நோய் முற்றிலும் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை போய்விடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்து இலவசம்.

நம் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகத் தொழுநோய் குறைந்துவிட்டது என்று 2005-ஆம் ஆண்டு இறுதியில் அறிவிக்கப்பட்டது. எனினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோருள் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே.

எங்கள் பூக்காரப் பாட்டி பல ஆண்டுகளுக்கு முன்பே மருந்து சாப்பிட்டுக் குணமானவர். அவர் உடலில் கிருமி இல்லை. அப்படியானால் காலில் ஏன் புண்? இதற்கு விடை காண நாம் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும்.

கொதிநீரில் வைத்த கால்

புனித தமியான் அடிகளாரை நாம் அறிவோம். பெல்சியம் நாட்டில் பிறந்த அவர், 1873-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காய்த் தீவுக்குச் சென்றார். அங்கு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளருக்கு வீடு கட்டினார்; புண்களைக் கழுவிக் கட்டினார்; இறந்தவர்களுக்குக் குழி வெட்டினார். ஒரு நாள் கொதிக்கும் நீரில் தம் கால் பட்டும் சுடவில்லை என்பதை உணர்ந்தார். தமக்கும் நோய் வந்துவிட்டது என்று அவருக்கு உறுதியாயிற்று. 1889-ஆம் ஆண்டு அங்கேயே உயிர் நீத்தார். 2009-ஆம் ஆண்டு திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

இந்நோயின் கொடுமை வலியில் இல்லை, வலியின்மையில் உள்ளது. கிருமி நரம்புகளைத் தாக்குவதால் கை கால்கள் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும் தெரியாது. அடுப்பு சுட்டாலும் தெரியாது. நோய் குணமான பிறகும் செத்துப்போன நரம்பு திரும்புவதில்லை. நமக்கு ஒரு சிறு கல் உறுத்தினால் உடனே நொண்டுகிறோம், செருப்பைக் கழற்றிப் பார்க்கிறோம். உணர்ச்சியற்றவரோ அக்கல்லின் மேலேயே நாள் முழுவதும் நடப்பார். மாலையில் புண்ணாகியிருக்கும், மறுநாளும் அதன் மேலேயே நடப்பார். வலி என்பதும் இறைவன் தந்த கொடை என்று நான் அறிந்துகொண்டது இப்படித்தான்.

வேலூரில் கண்ட உண்மை

விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றுதான் மருத்துவர்கள்கூட ஒரு காலத்தில் எண்ணினர். அதனை மாற்றியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ஆம் ஆண்டு நமது கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர். 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தம் கையை அழுத்தச் சொன்னார். பலவீனமான பிடியை எதிர்பார்த்தவருக்குக் கை நோகும் அளவு இரும்புப் பிடி கிடைத்தது. அப்படியானால் கையில் நல்ல தசைகளும் இருக்கின்றன! அந்த நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தினால் மடங்கிய கையைத் திறக்கலாமே என்று சிந்தித்தார். அவ்வாறே அறுவை செய்து வெற்றியும் கண்டார்.

ஆனால் சீராக்கிய விரல்களிலும் புதுப் புண்கள் தோன்றின. சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்தன. நோயாளிகளும் மருத்துவரும் சேர்ந்து ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினர். சூடான பாத்திரம், துருப்பிடித்த பூட்டு, கைப்பிடி சரியில்லாத சுத்தியல் என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. இரவில் விரல்களைத் தின்றவை எலிகள்! தூங்குபவருக்கு வலி தெரியாததால் எலிகள் அச்சமின்றிக் கடித்தன. அதற்கு மருந்து என்ன தெரியுமா? பூனை! வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பெரிய மருத்துவர் எலிக்கும் பூனைக்கும் நேரம் ஒதுக்கினார் என்றால், அவர் நோயை மட்டும் பார்க்கவில்லை, அம்மனிதர் படுத்துறங்கும் இடத்தையும் பார்த்தார் என்பதே பொருள்.

பாதப் புண்களுக்குச் சுண்ணக் கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால், அவை மற்றவர் புண்களைப் போலவே ஆறின. ஆகவே நோயாளியின் தசை கெட்ட தசை அன்று என்பது தெளிவாயிற்று. 1955-ஆம் ஆண்டு வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டது. மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு இத்தகைய பணியிலிருந்து நமக்குக் கிடைத்த கொடையாகும்.

டாக்டர் பிராண்டுக்கும் ஒரு சோதனை வந்தது. நீண்ட பயணத்துக்குப் பின் ஓர் இரவு லண்டனில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதென்று இரவெல்லாம் உறங்காமல் கிடந்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார், சுரீரென்று வலித்தது! இரயிலில் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்ததால் கால் மரத்திருந்ததே தவிர வேறொன்றுமில்லை. அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி சொன்னார். தம் நோயாளிகள் நாள்தோறும் சுமக்கும் அச்சம் எத்தகையது என்பதையும் அன்று உணர்ந்தார். அவர் 2003-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

இன்னொரு செய்தி என் மனத்தைத் தொட்டது. கை சீரான சிலர் திரும்பி வந்து, இந்தக் கைக்கு யாரும் பிச்சை போட மாட்டேன் என்கிறார்கள், வேலையும் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள் என்று முறையிட்டனராம். கையைச் சரிசெய்தால் போதாது, வாழ வழியும் வேண்டும் என்று மருத்துவர்கள் உணர்ந்தனர். எனவே வேலூரில் 'நவஜீவ நிலையம்' என்ற குடியிருப்பை அமைத்து அவர்களுக்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தனர். ஒருவருக்குக் காசு கொடுப்பது எளிது. அவர் நம்மிடம் காசு கேட்க வேண்டாத நிலையை உண்டாக்குவதே தொண்டு.

பெண்களாகிய நாம் டாக்டர் மேரி வர்கீசை மறக்கலாகாது. கேரளத்தில் பிறந்து வேலூரில் பயின்ற இவர், 1954-ஆம் ஆண்டு நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியை இழந்தார். தன் வாழ்வு முடிந்தது என்று அழுது கிடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமானார். 1972-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற இவர் 1986-ஆம் ஆண்டு மறைந்தார். நம் குறைகளைக் காட்டித் தொண்டிலிருந்து நழுவ முடியாது என்பதற்கு இவர் வாழ்வு சான்று.

சனிக்கிழமைப் பாடம்

செவிலியர் எங்களுக்குக் கற்றுத் தந்தது ஐந்தே விதிகள். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் பாதத்தை ஊறவைக்க வேண்டும். புண் இல்லாத இடத்தில் காய்த்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். புண் இருந்தால் சுத்தமாகக் கட்டி, அந்தக் காலுக்கு ஓய்வு தர வேண்டும். இவற்றுள் முக்கியமானது ஓய்வே.

அருட்சகோதரி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினார். அம்மா நெடுநேரம் யோசித்து, "போய்ட்டு வா. வந்ததும் கையைக் கழுவிக்கோ" என்றார்கள். அதன்பின் என் தோழி ஒருத்தியும் நானும் சனிக்கிழமைதோறும் அருட்சகோதரியுடன் பாட்டி வீட்டுக்குச் சென்றோம்.

முதல் நாள் பாட்டி, "வேணாம் தாயி, நாத்தம் அடிக்கும்" என்று காலைத் தரவே இல்லை. பேதுருவின் நினைவு எனக்கு வந்தது. வற்புறுத்திய பின் தந்தார். உண்மையைச் சொல்கிறேன்: துணியை அவிழ்த்தபோது எனக்குக் குமட்டிற்று, வெளியே ஓடி வந்துவிட்டேன். என் தோழிதான் பேசினில் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த வாரம்தான் நான் அந்தப் பாதத்தைத் தொட்டேன். அதற்கு அடுத்த வாரம் அதில் ஓர் ஆணியின் தடத்தைக் கண்டேன். பாட்டியின் பழைய செருப்பைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தால், அடியில் ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. எத்தனை மாதம் அதன் மேல் நடந்தாரோ! அவருக்குத் தெரியவே இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாக எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகக் கிடைத்தது. செவிலியரின் சிகிச்சையாலும் ஓய்வாலும் இரண்டு மாதங்களில் புண் ஆறிற்று. நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் ஐப்பசி மழையில் செருப்பு வீணாகுமே என்று அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாட்டி வெறுங்காலுடன் நடந்துவிட்டார். மீண்டும் புண்! எனக்குக் கோபம் வந்தது. "எத்தனை தடவை பாட்டி சொல்றது?" என்று கேட்டுவிட்டேன். "புதுச் செருப்பு தாயி, மனசு வரல" என்றார். பிறர் கொடுத்த பொருளைப் போற்றிக் காக்க வேண்டும் என்றே வாழ்நாளெல்லாம் பழகியவரிடம் நான் கோபிப்பது தகுமா? மறுபடியும் பேசினை எடுத்தோம். தொண்டு ஒரு நாளில் முடிந்துவிடும் சடங்கு அன்று என்பதை அன்று கற்றேன்.

நம் பள்ளத்தாக்கில் நாம் செய்யக்கூடியவை

முல்லைப் பெரியாறு பாயும் நமது கம்பம் பள்ளத்தாக்கு பாதங்களால் வாழும் பூமி. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களில் நாற்று நடும் கால்கள், திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுதும் நிற்கும் கால்கள், விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கேரள ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கால்கள், இவையே நமக்குச் சோறு போடுகின்றன. இக்கால்களை யார் பார்க்கிறார்கள்?

தோழியரே, நாம் மருத்துவராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் யாருக்கேனும் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்யாணம் தடைப்படும் என்று மறைத்தால், எளிதில் தீரும் நோய் ஊனமாய் முடியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பாதம் மரத்துப்போவதுண்டு. உங்கள் தாத்தா பாட்டியின் உள்ளங்காலை வாரம் ஒரு முறையேனும் பாருங்கள். அவர்கள் செருப்புக்குள் கையை விட்டு ஆணியோ கல்லோ உண்டா என்று தடவுங்கள். 1954-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கத்தோலிக்கரான ரவுல் ஃபோல்ரோ தொடங்கிய உலகத் தொழுநோய் நாளை, நம் நாட்டில் காந்தியடிகள் மறைந்த சனவரி 30-ஆம் நாள் கடைப்பிடிக்கிறோம். அன்று உறுதிமொழி எடுப்பதோடு நின்றுவிடாமல் ஒரு வீட்டுக்காவது சென்று வருவோம்.

முடிவுரை

செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறார் புனித யாக்கோபு. நோயுற்றோருக்குச் செய்வது தமக்கே செய்தது என்று ஆண்டவர் ஏற்கிறார். இவற்றை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியவள் நான். ஆனால் காசைக் கையில் கொடுக்காமல் கூடையில் வைத்த அன்று அவை எனக்கு உதவவில்லை. பயத்தைப் போக்க அறிவும், அருவருப்பை வெல்லப் பழக்கமும், சலிப்பை வெல்லச் செபமும் எனக்குத் தேவைப்பட்டன.

இப்போது பூவுக்கு உரிய காசைப் பாட்டியின் கையில்தான் வைக்கிறேன். சென்ற வாரம் அம்மாவும் என்னுடன் வந்து, திண்ணையில் அவர் பக்கத்தில் அமர்ந்து பூக்கட்டினார்கள். வரும் பெரிய வியாழனுக்கு வருவீர்களா என்று பாட்டியிடம் கேட்டேன். "பாக்கலாம் தாயி" என்றார். அந்த நாற்காலி இவ்வாண்டு காலியாக இராது என்று நம்புகிறேன். வர மனமில்லாவிட்டாலும் குற்றமில்லை. பேசினும் தண்ணீரும் சனிக்கிழமை அவர் வீட்டுக்கே வரும்.